தன்னையும் சேர்த்து எண்ணுதல்: பாமாவின் சிரிப்பை ஏலாக்குறிச்சியிலிருந்து வாசித்தல்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது ஏலாக்குறிச்சி. எங்கள் வீட்டுப் பெண்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அங்கே அடைக்கல மாதா கோயிலுக்குப் போய்விடுவார்கள். பூசையில் முக்காடு நழுவாமல் முழந்தாளிட்டிருக்கும் என் பெரியம்மா, வீடு திரும்பியதும் அடுப்படியில் உட்கார்ந்து சாமியாரின் பிரசங்கத்தைத் திரும்ப நடத்துவார். "பிரியமானவர்களே" என்று அவர் இழுக்கும் இழுப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். பெரியம்மா விசுவாசத்தை விட்டவர் இல்லை. கடைசிவரை செபமாலையோடு இருந்தவர். விட்டது நான்தான். விட்ட பிறகு எனக்குக் குறைந்துபோனது பூசை அல்ல, அந்த அடுப்படிச் சிரிப்பு. பிரசங்கத்தின் இழுப்பு எனக்கும் நன்றாக வரும். யாரிடம் இழுத்துக் காட்டுவது?

சமய வளர்ப்பிலிருந்து வெளியேறிய பெண்களைப் பற்றிப் பேசும்போது பயம், குற்றவுணர்வு, குடும்பத்தின் கோபம் ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சிரிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினாலும், வெளியேறியதற்குக் கிடைத்த பரிசு போலவே பேசுகிறோம்: உள்ளே இருந்தவரை அழுகை, வெளியே வந்ததும் சிரிப்பு. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. பாமாவின் எழுத்தை மறுபடி வாசிக்க உட்கார்ந்தது அதனால்தான். அதற்கு முன் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த இன்னொரு எழுத்தாளரைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர் (பிறப்பு 1680), ஏலாக்குறிச்சியில் பல காலம் தங்கிப் பணிசெய்தவர். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்துக் கலம்பகம் பாடியவர். பரமார்த்த குருவின் கதையை எழுதியவரும் அவர்தான். ஐரோப்பியத் துறவிகள் தமிழ் படிக்கப் பாடமாக எழுதப்பட்ட அந்தக் கதை, 1822இல் லண்டனில் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகி, பிறகு நம் பள்ளிப் பாடப் புத்தகங்களுக்கும் வந்து சேர்ந்தது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஒரு குருவும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒரு சீடன் தலைகளை எண்ணுகிறான். ஐந்துதான் வருகிறது. இன்னொருவன் எண்ணினாலும் ஐந்துதான். எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு போடு போட்டு எண்ணவைத்த பிறகுதான் ஆறு பேரும் இருப்பது தெரிகிறது.

சிறு வயதில் இதைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. இப்போது வாசிக்கும்போது இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, இங்கே சிரிக்கப்படுபவர் யாருடைய குரு? மடமும் சீடர்களும் வைத்திருக்கும் உள்ளூர்க் குருவைப் பார்த்துச் சிரிக்கிறோம். எழுதியவரும் ஒரு குரு. ஊரில் அவருக்கும் சீடர்கள் உண்டு. ஆனால் கதையின் கணக்கில் அவர் இல்லை. சீடன் செய்த அதே தவற்றை அவனைப் படைத்தவரும் செய்திருக்கிறார்: தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார். இரண்டு, அதே வீரமாமுனிவர் ஒரு பெண்ணை மையமாக வைத்துப் பாடியது கித்தேரி அம்மாள் அம்மானை. கன்னிமையைக் காத்து உயிர்விட்ட புனிதையின் வரலாறு அது. ஆண்களுக்கு முட்டாளாகும் உரிமை கிடைத்தது, பெண்ணுக்குக் கிடைத்தது வேதசாட்சி ஆகும் பெருமை. முட்டாளாக இருக்க அனுமதி இல்லாதவளுக்குச் சிரிக்கவும் அனுமதி இல்லை. 'பொம்பள சிரிச்சாப் போச்சு, புகையில விரிச்சாப் போச்சு' என்று ஊர் சொல்வதைப் பீடம் வேறு மொழியில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு உறுத்தல்களோடு 'கருக்கு' நாவலுக்கு வருகிறேன். 1992இல் வெளிவந்த இந்தத் தன்வரலாற்றை எழுதியவர், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் 1958இல் பிறந்தவர். ஞானஸ்நானப் பெயர் பாஸ்டினா மேரி பாத்திமா ராணி. புனிதர்களால் நிறைந்த அந்தப் பெயருக்குப் பதிலாக எழுத்தில் அவர் வைத்துக்கொண்டது இரண்டே எழுத்து. ஆசிரியர் வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழு ஆண்டுகள் அங்கே இருந்து, பிறகு வெளியே வந்தவர். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பாமா விட்டது மடத்தை. இயேசுவின் கோபத்தையும் நீதியுணர்வையும் மறைத்துவிட்டுப் பணிவையும் பொறுமையையும் மட்டும் தங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் அவருடைய வழக்கு. கடவுள் இல்லை என்று வாதிடும் புத்தகம் அல்ல 'கருக்கு'. ஆகவே அவரை நாத்திகராக்கிக் கொண்டாடுவதும் அவர் எழுத்தைத் தவறாக எண்ணுவதே.

'கருக்கு' நூலை அறிந்தவர்கள் யாரும் மறக்காத ஒரு காட்சி உண்டு. பள்ளி விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் சணல் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டே போவதைப் பார்க்கிறாள். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னப் பொட்டலத்தை அப்படித் தூக்கிப்போவது அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. வீட்டுக்கு ஓடிவந்து அண்ணனிடம் நடித்துக் காட்டுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாயக்கருக்கு வாங்கிப்போகும் பண்டத்தை நாம் தொட்டால் தீட்டு, அதனால்தான் நூலைப் பிடித்துக் கொண்டுபோகிறார் என்று விளக்குகிறான்.

சாதியை ஒரு குழந்தை அறிந்துகொள்ளும் காட்சியாகவே இது பாடத்திட்டங்களில் கற்பிக்கப்படுகிறது. அது சரிதான். ஆனால் இது ஒரு சிரிப்பு நின்றுபோகும் காட்சியும்கூட. சிறுமியின் கண் முதலில் கண்டது நகைச்சுவையை, அது தவறான கண் அல்ல. ஒரு வளர்ந்த மனிதரைப் பொட்டலத்துக்குப் பயப்படவைக்கும் ஏற்பாடு உண்மையிலேயே கோமாளித்தனமானது. அவள் தவறியது ஒரே இடத்தில்: கோமாளி அந்தப் பெரியவர் என்று நினைத்தாள். அண்ணனின் விளக்கத்துக்குப் பிறகு கோமாளி யார் என்பது தெரிகிறது, ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்கும் பலம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. பாமாவின் பிற்கால எழுத்து முழுவதையும் அந்தப் பலத்தைத் தேடும் பயணமாக வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

மடத்துக்குள் அந்தப் பயணம் நின்றுவிடுகிறது. 'கருக்கு' புத்தகத்தில் மடத்தைப் பற்றிய பகுதிகள் வசதியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் கீழ்ப்படிதலைப் பற்றியும் பேசுகின்றன. ஊரைப் பற்றிய பகுதிகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் பட்டப்பெயர்கள், விளையாட்டுகள், கேலிகள் அங்கே இல்லை. மொழியே வற்றிப்போகிறது. இதை நடைக் குறை என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. சிரிப்பு ஒருவருடைய உள்ளே சேமித்து வைத்திருக்கும் பொருள் அல்ல, அதைப் புரிந்துகொள்ளும் ஆட்கள் வேண்டும். தன் தெருப் பேச்சைக் கொச்சை என்று நினைக்கும் ஓர் இடத்தில், அந்தப் பேச்சுக்குள் மட்டுமே பிழைத்திருக்கும் கேலியை எவரிடம் சொல்வது? மடம் பாமாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டவற்றில் ஒன்று, சிரிப்பதற்கான கூட்டம்.

வெளியே வந்ததும் அந்தக் கூட்டம் தயாராகக் காத்திருக்கவில்லை. 'கருக்கு' வெளியானபோது அவருடைய சொந்த ஊரிலேயே எதிர்ப்பு எழுந்தது. பட்டப்பெயர்களையும் வீட்டுக் கதைகளையும் அச்சில் போட்டு ஊர் மானத்தை வாங்கிவிட்டதாகக் கோபப்பட்டார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. அந்தக் கோபத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தெருவில் ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கூப்பிடுபவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அச்சில் வரும்போது வாசிப்பவருக்குப் பட்டப்பெயர் இல்லை. அவர் வெளியே நின்று எண்ணுகிறார். தன் தெருச் சிரிப்பு யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியை அந்த ஊர் சரியாகவே கேட்டது. பிறகு படித்த இளைஞர்கள் எடுத்துச் சொல்லி ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. ஆனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

அதற்குப் பதிலாக வந்த நூல்களாகவே 'சங்கதி' (1994) நாவலையும் 'கிசும்புக்காரன்' (1996) சிறுகதைத் தொகுப்பையும் பார்க்கிறேன். 'சங்கதி'யில் 'நான்' பின்னால் போய்விடுகிறது. பாட்டி வெள்ளையம்மாளும் தெருப் பெண்களும் பேசுகிறார்கள். கோயிலைக் கூட்டிப் பெருக்குவது யார், அங்கே அதிகாரம் செய்வது யார் என்பதெல்லாம் வாதமாக வராமல் வாயாடலாக வருகிறது. வயல் வேலையிலும் குளிக்கும் இடத்திலும் ஒருத்தி பேச்சை மற்றொருத்தி வெட்டிச் சிரிக்கிறாள். ஆனால் பாமா இந்தச் சிரிப்பை விடுதலை என்று விற்பதில்லை. அடிக்க வரும் பாக்கியராஜை நிறுத்த ராக்கம்மா தெருவில் சேலையைத் தூக்கிக் காட்டும் இடத்தில் கூட்டம் முகம் சுளிக்கிறது. கதைசொல்லியோ, அப்படிச் செய்யாவிட்டால் அவன் அவளைக் கொன்றே போட்டிருப்பான் என்று உணர்கிறாள். வேடிக்கைக்கும் உயிர்பிழைத்தலுக்கும் இடையே உள்ள தூரம் இங்கே ஒரு முழம்கூட இல்லை. தலித் பெண்களின் 'இயல்பான நகைச்சுவை உணர்வு' என்று நாம் கட்டுரைகளில் எழுதும்போது இந்தக் காட்சியை நினைத்துக்கொள்வது நல்லது.

'கிசும்புக்காரன்' தொகுப்பில் வரும் 'அண்ணாச்சி' கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அம்மாசி என்ற தலித் இளைஞன், நிலவுடைமைச் சாதிக்காரர் ஒருவரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிடுகிறான். அதற்காக ஊர்க்கூட்டம் கூடுகிறது. ஒரு முறைச்சொல், அவ்வளவுதான் குற்றம். இந்தக் கதையை மடத்திலிருந்து வெளியேறிய ஒருவர் எழுதினார் என்பதை நினைவில் வைத்து வாசித்தால் வேறொன்றும் கேட்கும். திருச்சபை முழுவதும் முறைச்சொற்களால் கட்டப்பட்டது: ஃபாதர், மதர், பிரதர், சிஸ்டர். எல்லோரும் ஒரே குடும்பம் என்பது தினசரிப் பேச்சு. அந்தக் குடும்பத்துக்குள் பல ஊர்களில் தனிக் கல்லறை இருந்தது, தனி வரிசை இருந்தது. மேலிருந்து கொடுக்கப்படும் முறைச்சொல்லால் எதுவும் அசையவில்லை. கீழேயிருந்து ஒருவன் தானாக எடுத்துக்கொண்ட முறைச்சொல் ஊரையே கூட்டிவிட்டது. சிறுமியாக இருந்தபோது கோமாளி யார் என்று அடையாளம் காண முடியாமல் போனவர், இந்தக் கதையில் கோமாளியைச் சரியான இடத்தில் உட்காரவைத்துவிட்டார். ஒரு சொல்லைக் கேட்டுப் பதறுபவர்தான் கோமாளி.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. தலைப்பே 'கிசும்புக்காரன்', 'கிசும்புக்காரி' அல்ல. 'அண்ணாச்சி' போன்ற கதையில் ஆண் தன் நாக்கால் ஊர் ஒழுங்கைச் சீண்டிவிட்டு நிற்கிறான். பெண்ணின் மீறலுக்கோ பெரும்பாலும் விலை உண்டு. 'பொன்னுத்தாயி' கதையில் அடிக்கும் கணவனை விட்டு வந்தவள், பிள்ளைகளை அவனிடமே விட்டுவிட்டு, தாலியை விற்றுப் பெட்டிக்கடை வைக்கிறாள். தாலியைக் கடை முதலாக மாற்றிய கணக்கில் ஒரு குறும்பு இருக்கிறது. ஆனால் கதைக்குள் யாரும் அவளோடு சேர்ந்து சிரிப்பதில்லை. வாசகியாகிய நான்தான் சிரிக்கிறேன், அதுவும் கொஞ்சம் தயங்கி.

இந்த வேறுபாடு பொட்டலக் காட்சியில் சிரிக்காமல் நின்ற அண்ணனிடம் நம்மைத் திரும்பக் கொண்டுபோகிறது. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் 2002இல் வெளியிட்ட 'சிலுவைராஜ் சரித்திரம்', தமிழின் சிறந்த பகடி நாவல்களில் ஒன்று. தங்கையின் சிரிப்பை நிறுத்தியவர் பத்தாண்டு கழித்துத் தன்னையே பார்த்துச் சிரித்து ஒரு பெரிய நாவல் எழுதினார். படிப்பு இருந்தும் வேலை கிடைக்காத கிறிஸ்தவ தலித்தான சிலுவைராஜ், இடஒதுக்கீட்டுக்காக இந்துவாக மாறுவதில் அந்தச் சரித்திரம் போய் முடிகிறது. அந்தப் பகடிக்குப் பின்னால் இருப்பது சட்டம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இன்றும் இல்லை. தெருவில் சாதி ஒட்டிக்கொண்டே இருக்கும், தாலுகா அலுவலகத்தில் மட்டும் அது ஞானஸ்நானத்தில் கரைந்துவிடும். இதைவிட நல்ல நகைச்சுவையை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்ய முடியாது.

சிலுவைராஜ் ஊர் ஊராக அலையலாம், தோற்கலாம், தன் தோல்வியைச் சிரிப்பாக்கலாம். அப்படி அலைவதற்கு ஓர் ஆணுக்கு இடம் இருந்தது. மடத்தைவிட்டு வந்த பெண்ணை ஊர் வேறு விதமாகப் பார்க்கும்: 'ஏன் வந்தாள்?' அந்தக் கேள்வியில் எப்போதும் ஒழுக்கத்தின் வாடை இருக்கும். தன் தோல்வியைக் கேலி செய்ய முடிவது ஒரு வசதி. பாமா தன்னைத் தனியாகக் கேலி செய்துகொள்ளாமல் தெருவோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெரம்பலூரில் மாணவிகள் சிலரோடு 'சங்கதி'யை வாய்விட்டு வாசித்தோம். நான் வாசித்த முதல் பக்கத்திலேயே சிரிப்பு எழுந்தது. கவனித்தபோது அது ஒரே சிரிப்பாக இல்லை. இரண்டு பேர் தங்கள் ஆயா பேசுவதைப் புத்தகத்தில் பார்த்த மகிழ்ச்சியில் சிரித்தார்கள். சிலர் 'இப்படியெல்லாமா எழுதுவாங்க' என்று சிரித்தார்கள். பாமாவின் ஊர் கேட்ட கேள்வி வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க வீட்டுல சாமி விஷயத்துல யாரு கிண்டல் பண்ணுவா?" என்று கேட்டேன். முதலில் மௌனம். பிறகு ஒருத்தி, திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் தன் அம்மா, நடை திறக்காத மற்ற நாட்களில் அம்மனுக்கு என்ன வேலை என்று அடிக்கும் கேலியைச் சொன்னாள். செட்டிகுளம் பக்கத்துப் பெண் ஒருத்தி, சின்ன வெங்காயம் தரம் பிரிக்கும் இடத்தில் பெண்கள் பூசாரியை நடித்துக் காட்டுவதைச் சொன்னாள். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த ஒரு பெண் கடைசியாகப் பேசினாள்: "நான் இப்ப சபைக்குப் போறதில்ல மேடம். ஆனா பாஸ்டரைப் பத்தி வேற யாராச்சும் கிண்டல் பண்ணா எனக்குக் கோவம் வருது. எனக்கு மட்டும்தான் அந்த உரிமைன்னு தோணுது."

அந்தப் பெண் கூச்சத்தோடு சொன்னதைப் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. வெளியேறியவளின் அடையாளம் அந்தக் கோபத்தில்தான் இருக்கிறது. அவள் விட்டுவந்த இடத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்தச் சிரிப்புக்குள் அவளும் இருக்கிறாள்: பாட்டுப் பாடிய சிறுமியாக, பயந்து அழுதவளாக, நம்பியவளாக. ஒருபோதும் நம்பாதவர்கள் அடிக்கும் கேலியில் அவள் கணக்கில் வருவதில்லை, அல்லது சீடர்களில் ஒருத்தியாக, மடைச்சியாக மட்டுமே வருகிறாள். நம் பகுத்தறிவு மேடைகளின் நகைச்சுவைக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த மேடைகளில் சாமியாடும் பெண்ணை நடித்துக் காட்டியவர்களில் பலர் ஆண்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஏன் சாமியாடினாள் என்று அவர்கள் கேட்டிருந்தால் நகைச்சுவை வேறாக இருந்திருக்கும்.

ஆகவே என் பழைய கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். சிரிப்பு வெளியே காத்திருக்கும் பரிசு அல்ல. அது பெரியம்மாவின் அடுப்படியிலும் புதுப்பட்டித் தெருவிலும் ஏற்கனவே இருந்தது, நம்பியவர்களிடமே இருந்தது. ஆனால் அது அடுப்படியைத் தாண்டவில்லை. பிரசங்கத்தை அவ்வளவு நன்றாக நடித்த பெரியம்மா, அடுத்த ஞாயிறு அதே பிரசங்கத்துக்குத் தலைகுனிந்தார். வெளியேறுதல் செய்தது அந்தச் சிரிப்பைப் பீடத்துக்கு எதிரே பேசவைத்ததுதான். அதற்கு பாமா கொடுத்த விலை, சில காலம் தன் சொந்தக் கூட்டத்தையே இழந்து நின்றது. எழுதி எழுதி அதைத் திரும்பச் சேர்த்தார்.

அன்று வகுப்பு முடிந்து எழுந்தபோது அந்தப் பெந்தெகொஸ்தே பெண் தன் பாஸ்டர் எப்படிச் செபிப்பார் என்று நடித்துக் காட்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவளுக்குப் பெரியம்மாவின் "பிரியமானவர்களே"வை இழுத்துக் காட்டினேன். எத்தனை பேர் இருந்தோம் என்று பிறகு வருகைப் பதிவுக்காக எண்ணினேன். பதினொன்று வந்தது. என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு.